பளபளப்பும் பாதுகாப்பும்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. எறும்பின் கால் பட்டே கல் தேயுமானால், நிமிடத்திற்கு ஆயிரம் தடவைக்கு மேல் இரும்போடு இரும்பு உரசும் ஓர் இயந்திரம் எவ்வாறு பல்லாண்டு உழைக்கிறது? இதற்கு விடைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அதனை நான் கற்றது பள்ளிக்கூடத்தில் அன்று. என் கிணற்றடியில், சிறிது பண நஷ்டமும் பெரிய வெட்கமும் அடைந்த பிறகு கற்றேன்.

கள்ளக்குறிச்சியை ஒட்டிய கருணாபுரம் என் ஊர். ஊருக்கு வெளியே எங்களுக்குச் சிறிது கரும்பு நிலம் இருந்தது. அங்கே நீர் இறைக்க 5 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின் ஒன்று. 1994-ஆம் ஆண்டுக் கோடையில் அது புகை கக்கத் தொடங்கிற்று. பிஸ்டன் வளையங்களை மாற்ற வேண்டும் என்றார்கள். என் பழைய மாணவன் ஒருவன் தொழிற்பயிற்சி முடித்துவிட்டுப் பட்டறையில் வேலை பார்த்தான், அவனையே அழைத்தேன்.

வாங்கி வந்த புது வளையங்களைப் பார்த்ததும் எனக்கு மனம் ஒப்பவில்லை. புத்தம் புதிய பொருள், அடுப்புக்கரி படிந்தாற்போல் மங்கிய கருஞ்சாம்பல் நிறத்தில் இருந்தது. "தம்பி, கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான். உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்து மாட்டு" என்றேன்.

அவன் தயங்கினான். "ஐயா, இது கம்பெனியிலேயே ஏற்றிய கருப்பு. இதைத் தேய்க்கக்கூடாது என்று எங்கள் மேஸ்திரி சொல்லுவார்" என்றான்.

"ஏன் தேய்க்கக்கூடாது?" என்று வகுப்பறையில் கேட்பதுபோல் கேட்டேன். அவனுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. காரணம் தெரியாத சொல்லை நான் மதிக்கவில்லை. ஆசிரியரை எதிர்த்துப் பேச மனமில்லாமல் அவன் வளையங்களைத் தேய்த்தான். அவை வெள்ளிபோல் மின்னின.

மூன்றாம் வாரம், நடுப்பகலில், கரும்பு காய்ந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் வளையங்கள் கீறுண்டு, லைனரில் நெடுங்கோடுகள் விழுந்திருந்தன. "அன்றே சொன்னேனே" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும். அவன் சொல்லவில்லை.

பின்னர்த்தான் நூல்களைத் தேடிப் படித்தேன். அந்தக் கருமை அழுக்கும் அன்று, துருவும் அன்று. பாஸ்பேட் என்னும் உப்பின் நுண்ணிய படிகங்களால் ஆன போர்வை. நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் மாங்கனீஸ் பாஸ்பேட்டைக் கரைத்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக்கி, அதில் இரும்புப் பொருளை முக்குவார்கள். அமிலம் இரும்பின் மேற்பரப்பைச் சிறிது அரிக்கும். ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும். அவ்வாறு அரிக்கும் இடத்திலேயே அமிலத்தின் வீரியம் குறைந்துவிடுவதால், கரைந்திருந்த பாஸ்பேட், படிகமாகி அங்கேயே வேரூன்றிக்கொள்ளும். வண்ணப்பூச்சு மேலே ஒட்டுவது. இதுவோ இரும்பிலிருந்தே விளைவது. இதன் கனம் சில மைக்ரான் முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கே மைக்ரான். நம் தலைமயிரே ஏறத்தாழ 70 மைக்ரான் பருமன் உடையது.

இத்துணை மெல்லிய போர்வை என்ன செய்யும்? கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் இரும்பை உருப்பெருக்கியில் நோக்கினால், நம் கல்வராயன் மலையைப்போல் மேடும் பள்ளமுமாய் இருக்கும். இரு பரப்புகள் உரசும்போது மேட்டோடு மேடு மோதி, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, பிறகு பிய்ந்துபோகும். அதுவே தேய்மானம். எண்ணெய் ஓடினால் இரண்டையும் விலக்கி வைக்கும். ஆனால் புது எஞ்சினின் முதல் சில மணி நேரத்தில், மேடுகள் இன்னும் அடங்காத நிலையில், எண்ணெய் எல்லா இடத்தையும் காப்பதில்லை. அந்த ஆபத்தான வேளைக்குத்தான் பாஸ்பேட் காவல் நிற்கிறது. படிகங்களின் இடைவெளிகள் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன; இரும்பும் இரும்பும் நேரே தொட்டுப் பற்றிக்கொள்வதைத் தடுக்கின்றன. அப்படிகங்கள் இரும்பைவிட மென்மையானவை ஆதலால், தாம் நொறுங்கித் தேய்ந்து, அடியிலுள்ள பரப்புகள் ஒன்றுக்கொன்று பழகும்வரை காக்கின்றன.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இப்போர்வை தானாக வழுக்குவது அன்று. எண்ணெய் இன்றி இதனால் பெரும்பயன் இல்லை. துருவையும் இது தனித்து நெடுநாள் தடுக்காது. எண்ணெயைப் பிடித்து வைப்பதே இதன் பெருந்தொண்டு. என் எஞ்சின் கெட்டதற்கு இழந்த போர்வை ஒன்றே காரணம் என்றும் சாதிக்கமாட்டேன். வளையத்தில் ஒட்டிய உப்புத்தாளின் துகளும் தன் பங்கைச் செய்திருக்கும். இரண்டும் என் கட்டளையால் நேர்ந்தவையே.

இல்லத்தரசிகள் இந்நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பழகிய தோசைக்கல்லைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்தால் மறுநாள் தோசை ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும். எண்ணெய் ஊறிய கருமையின் அருமையை அடுக்களை அறிந்திருக்கிறது. வண்டிக்காரர்களும் அறிந்திருந்தார்கள். நான் சிறுவனாய் இருந்தபோது, மலையடிவாரத்திலிருந்து புளியும் கடுக்காயும் ஏற்றிவந்த வண்டிகளின் அச்சுக்கு, வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போடுவார்கள். எண்ணெய் மட்டும் வழிந்தோடிவிடும். கரி அதைப் பிடித்து வைக்கும்.

இரும்புக்குப் பாஸ்பேட் போர்வை இடும் முறைக்கு 1906-இல் இங்கிலாந்தில் தாமஸ் கோஸ்லெட் காப்புரிமை பெற்றார். அவர் எண்ணியது துருவைத் தடுக்கவே. 1934-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் சிங்கர் என்பவர், உலோகத்தைக் குளிர்நிலையில் இழுத்து உருவாக்கும் தொழிலுக்கு இதனைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். துத்தநாகப் பாஸ்பேட் ஏற்றிய கம்பியைச் சோப்புக் கரைசலில் நனைத்தால், இரண்டும் கலந்து வழுக்கும் படலம் ஒன்று உண்டாகிறது. கம்பி அச்சுத்துளையில் சிக்காமல் நீள்கிறது.

நம் நாட்டிலும் இத்துறையில் ஆராய்ச்சி நடைபெறுகிறது. அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் எழுந்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய போர்வைகளை ஆராய்ந்துள்ளது. தில்லியில் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத்தூண் துருவால் அழியாமைக்கும், அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸால் விளைந்த மெல்லிய பாஸ்பேட் படலமே காரணம் என்று கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பாலசுப்பிரமணியம் விளக்கினார். தூணைக் காப்பது தானே விளைந்த படலம்; வளையத்தைக் காப்பது மனிதன் விளைவித்த படலம்.

இவற்றையெல்லாம் படித்தபின் அம்மாணவனைப் பட்டறையிலேயே சென்று கண்டேன். அவன் மேஸ்திரியும் உடன் இருந்தார். அன்று நான் கேட்ட "ஏன்" என்பதற்குரிய விடையை இருவருக்கும் சொன்னேன். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு விவரம் எனக்குத் தெரியாதுங்க, ஐயா. தேய்த்த எஞ்சின் திரும்பி வரும். தேய்க்காத எஞ்சின் வராது. அவ்வளவுதான் தெரியும்" என்றார்.

அவரும் ஓர் ஆராய்ச்சியாளரே என்பதை அன்று உணர்ந்தேன். அதன்பிறகு வகுப்பில் ஒரு மாணவன் காரணம் சொல்லத் தெரியாமல் நின்றால், அவனை உட்காரச் சொல்வதற்கு முன், காரணத்தை அவனோடு சேர்ந்து தேடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். புதுப்பொருள் வாங்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அதில் மங்கிய கருமையைக் கண்டால், தேய்ப்பதற்கு முன் தொழில் தெரிந்தவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.