பால்பல்லில் இருந்த ஈயம்

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் குழந்தைகள் நல மருத்துவர் ஆற்றிய உரை)



ஈயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். நான் பேச வந்தது காரீயத்தைப் பற்றி. மலிவுக்காகச் சொம்பில் காரீயத்தைக் கலந்துவிட்டால் புளிக்கரைசலில் அது கரைந்து இறங்கும் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பென்சிலுக்குள் இருப்பதும் காரீயம் அல்ல, கிராஃபைட். மேலே பூசிய வண்ணத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

1970களில் அமெரிக்காவில், பாஸ்டன் நகரை ஒட்டிய செல்சி, சோமர்வில் என்ற ஊர்களில் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற மருத்துவர் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைத் திரட்டினார். ஏன் பல்? இரத்தத்தில் சேரும் ஈயம் சில வாரங்களில் குறைந்துவிடும். இன்று எடுக்கும் இரத்தம் போன ஆண்டுக் கதையைச் சொல்லாது. பல்லும் எலும்பும் அப்படியல்ல. கால்சியத்தோடு ஈயத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

ஆய்வின் மறுபாதி உங்களைப் போன்றவர்களுடையது. 2,146 பிள்ளைகளைப் பற்றி வகுப்பாசிரியர்களிடம் 11 கேள்விகள் கேட்டார்கள். கவனம் சிதறுகிறதா? எடுத்த வேலையை விட்டுவிடுகிறானா? எளிய கட்டளையைக்கூடப் பின்பற்றத் தடுமாறுகிறானா? பகற்கனவு காண்கிறானா? யார் பல்லில் எவ்வளவு ஈயம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாது. 1979இல் முடிவு வெளிவந்தது. பல்லில் ஈயம் கூடக்கூட, ஆசிரியர்கள் குறித்த குறைகளும் படிப்படியாகக் கூடியிருந்தன. நுண்ணறிவுச் சோதனையிலும் ஈயம் மிகுந்த பிள்ளைகள் பின்தங்கினர். இத்தனைக்கும் அவர்கள் நோய் அறிகுறி எதுவும் இல்லாமல் பள்ளிக்கு வந்துபோன பிள்ளைகள்! மருத்துவர் கண்ணுக்குத் தப்பியது வகுப்பறையில் தெரிந்திருக்கிறது. என் தொழிலில் இருப்பவர்கள் இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்போது அமெரிக்காவில் 100 மில்லி இரத்தத்தில் 30 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால்தான் கவலைப்படுவார்கள். அந்த அளவு 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5 என்று இறங்கியது. இதற்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று பொருள் கொள்ளாதீர்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் சுமார் பத்தில் ஒரு பங்கை ஏற்கும். சிறு பிள்ளையின் உடல் பாதி வரை ஏற்கும். இரும்புச்சத்து குறைந்த பிள்ளையானால் இன்னும் கூடுதல். வாரந்தோறும் நாம் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

பழைய பேட்டரியை உடைத்து உருக்கும் இடத்தில் அப்பா வேலை பார்த்தால், அவர் சட்டைத் தூசியோடு ஈயம் வீட்டுக்குள் வரும். அத்தகைய பிள்ளை வகுப்பில் மந்தமாக இருந்தால், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் அப்பாவின் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். மந்தமான பிள்ளைக்கெல்லாம் ஈயம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. வீட்டு வண்ணப்பூச்சில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய சன்னல் கம்பியும் கதவும் நம் பள்ளிகளில் நிறைய உண்டு. கோடை விடுமுறையில் வண்ணம் அடிக்க ஆள் வந்தால், பழைய பூச்சை உலர உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். உதிர்ந்ததைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அந்த அறையைக் கழுவிவிட பிள்ளைகளைக் கூப்பிடவே கூடாது.