ஆபரேஷன் செய்பவரைத் தெரியும். மயக்க மருந்து தருபவரைத் தெரியுமா?

(ஆபரேஷன் தியேட்டர் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர், சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடுத்த மாதம் நம் ஹாலில் மூத்த அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரும் மூத்த மயக்கவியல் நிபுணர் ஒருவரும் பேச வருகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நோயாளியை எப்படிக் கவனிப்பது என்பதுதான் தலைப்பு. "சர்ஜன் பேசினால் போதாதா, ஊசி போடுபவர் எதற்கு?" என்று லிஃப்டில் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

முதலில் படிப்பு. இருவரும் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள். அதில் ஓராண்டு பயிற்சி மருத்துவர் வேலை. பிறகு ஒருவர் எம்.எஸ். அறுவை சிகிச்சைக்கு 3 ஆண்டு போகிறார். மற்றவர் எம்.டி. மயக்கவியலுக்கு அதே 3 ஆண்டு போகிறார். டி.என்.பி. என்று போட்டிருந்தாலும் அது முதுநிலைத் தகுதிதான். டி.ஏ. என்பது மயக்கவியலில் 2 ஆண்டு டிப்ளமோ. வயதான மருத்துவர்கள் பலர் அதைப் படித்தவர்கள். எம்.சிஎச். என்றால், பெரும்பாலும் எம்.எஸ். முடித்த பிறகு இதயம், மூளை, சிறுநீரகம் என்று ஒரு துறையில் இன்னும் 3 ஆண்டு. ஆக, ஊசி போடுபவர் என்று நாம் சொல்பவரும் எட்டரை ஆண்டு படித்த டாக்டர்.

மருத்துவப் படிப்பு நம் ஊருக்குப் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சியில் 1823-லேயே இங்கே மருத்துவப் பள்ளி இருந்தது. அந்த வழியில் வந்ததுதான் கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர். அதற்கு 1964-இல் இந்தப் பெயர் வந்தது. மூலக்குளத்திலிருந்து கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியும் பக்கம்தான். நிபுணர்களுக்குக் குறைவில்லாத ஊரில் இருந்துகொண்டு, நாம்தான் அவர்களைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை.

தியேட்டரில் என்ன நடக்கிறது? சர்ஜனின் கண் வெட்டிய இடத்தில் இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் சூடு எல்லாம் மயக்க மருந்து டாக்டர் பொறுப்பு. தூங்க வைப்பது சில நிமிட வேலை. உயிரைப் பிடித்து வைத்திருந்து பத்திரமாக எழுப்புவதுதான் பெரிய வேலை.

என் அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். காலை ஐந்து மணிக்கு அரை டம்ளர் பால் காபி குடித்துவிட்டு, "ஒன்றும் சாப்பிடவில்லை" என்று சொல்லிவிட்டார். காபி சாப்பாடா என்பது அவர் கணக்கு. மயக்க மருந்து டாக்டர் விடவில்லை. "கடைசியாக வாய்க்குள் என்ன போனது, மணி என்ன?" என்று மறுபடி கேட்டார். அப்போதுதான் உண்மை வந்தது. ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. எங்கள் வீட்டார் அந்த டாக்டரிடம் சத்தம் போட்டார்கள். நான்தான் குறுக்கே போய் நிறுத்தினேன். மயக்கத்தில் இருமல் வராது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பாலுக்கும் இலேசான உணவுக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் இன்னும் அதிகம். உங்கள் டாக்டர் சொல்லும் நேரம்தான் கடைசி.

ஆகவே, ஆபரேஷன் தேதி குறித்ததும் மயக்க மருந்து டாக்டரை முன்கூட்டியே பார்க்க நேரம் கேளுங்கள். பழைய ஆபரேஷன்கள், ஒவ்வாமை, பல்செட், ஆடும் பல், குறட்டை, சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து, புகை, மது எதையும் மறைக்காதீர்கள். பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால், அவர்களை வெளியே இருக்கச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அதனாலேயே அடைப்பு வரலாம்.

சர்ஜனிடம், "இந்த ஆபரேஷன் அடிக்கடி செய்கிறீர்களா?" என்று கேளுங்கள். மயக்க மருந்து டாக்டரிடம், "முடியும்வரை கூடவே இருப்பீர்களா? இரவில் வலி வந்தால் யாரைக் கூப்பிடுவது?" என்று கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பதிவு எண்ணைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஆபரேஷனுக்கு 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றைத் தந்தது. வெட்டுவதற்கு முன், தியேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. புது தில்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, இறப்பு நூற்றுக்கு 1.5-இலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் வெளியிட்டார்கள். டாக்டர்களே ஒருவரையொருவர் பெயர் கேட்டுக்கொள்ளும்போது, உடம்பைக் கொடுக்கும் நாம் கேட்கக் கூடாதா?

அடுத்த மாதம் இருவர் பேச்சையும் கேட்க வாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். அந்தத் தாள் என்றைக்காவது உங்களுக்கு உதவும்.