காசு குடுக்காம இருக்கிறதுக்கு ஒரு இடம்

(போன மாத வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழியை இடையிடையே அப்படியே விட்டிருக்கிறேன்.)



எனக்குத் தந்த தலைப்பு, கம்பஸ் வடிவமைப்பும் மாணவர் மனநலமும். மனநலம் என்று சொன்னவுடனே யுனிவர்சிட்டிகள் என்ன தரும் என்று உங்களுக்குத் தெரியும். பரீட்சைக் காலத்தில ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து தடவ விடுவினம். மூச்சுப் பயிற்சிக்கு ஒரு ஆப். உளவளத்துணைக்கு ஒரு காத்திருப்புப் பட்டியல். நாய்க்குட்டி மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பிரச்சினை எங்கட தலைக்குள்ளதான் இருக்கு என்று முதலே முடிவெடுத்திட்டுத்தான் இதெல்லாம் வருது. நான் இன்றைக்குத் தலைக்கு வெளியில இருக்கிற சாமான்களைப் பற்றிக் கதைக்கப் போறன். சுவர், யன்னல், கதவு, கதிரை. அதுகளை யார் தீர்மானிக்கினம் என்றது.

முதலில் ஒரு கோடீஸ்வரரின் கதை. வாரன் பஃபெட்டின் பங்காளி சார்லி மங்கர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்துக்கு 200 மில்லியன் டொலர் தாறன் என்றார். நிபந்தனை, விடுதியைத் தன்னுடைய வடிவமைப்பின்படிதான் கட்டவேணும். அவர் கட்டிடக்கலை படித்தவர் இல்லை. 11 மாடி, ஏறத்தாழ 4,500 மாணவர்கள், படுக்கையறைகளில் 94 வீதத்துக்கு யன்னல் இல்லை. யன்னலுக்குப் பதிலா, டிஸ்னி சொகுசுக் கப்பல்களில இருக்கிற மாதிரி வெளிச்சம் காட்டுற ஒரு போலி யன்னல். 2021 ஒக்டோபரில் அந்தத் திட்டத்தைப் பரிசீலித்த குழுவிலிருந்த கட்டிடக்கலைஞர் டெனிஸ் மக்ஃபாடன் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார். அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்கச் செய்தியானது. 2023இல் பல்கலைக்கழகம் அந்த வடிவமைப்பைக் கைவிட்டு வேறு கட்டிடக்கலைஞர்களைத் தேடப் போனது.

இதைப் பார்த்துச் சிரிக்கிறது சுகம். ஆனால் மங்கரிடம் ஒரு வாதம் இருந்தது, அதுக்குப் பதில் சொல்லவேணும். ஒவ்வொருத்தருக்கும் தனியறை தாறன், அறை சின்னனா இருந்தால் பிள்ளைகள் பொது இடத்துக்கு வந்து பழகுவினம் என்றார். கேட்க நியாயம் மாதிரித்தான் இருக்கு. மனிசருக்கு மனிசர் தேவை என்று நாங்களும்தானே சொல்லுறம்?

இங்கதான் ஒரு பழைய ஆய்வை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயோர்க் மாநிலத்து ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் விடுதிகளை ஆராய்ந்து 1977இல் புத்தகமாக வெளியிட்டார்கள். அங்கே இரண்டு வகை விடுதி. ஒன்றில் நீண்ட கொரிடோர், இரண்டு பக்கமும் அறைகள், முப்பத்துச் சொச்சம் பேருக்கு ஒரே குளியலறை, ஒரே பொது அறை. மற்றதில் நாலு முதல் ஆறு பேர் ஒரு சின்னக் கூடத்தைச் சுற்றி வசித்தார்கள். ஒருவருக்குக் கிடைத்த இடப்பரப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கொரிடோரில் இருந்தவர்கள் நெரிசல் என்றார்கள். பார்க்க விரும்பாத நேரத்தில் பார்க்க விரும்பாத ஆட்களை ஓயாமல் சந்திக்க வேண்டியிருக்கு என்றார்கள். பல் விளக்கப் போனாலும் பத்துப் பேர். அதைவிட முக்கியம், அவர்களை விடுதிக்கு வெளியில ஒரு காத்திருப்பு அறையில் முன்பின் தெரியாத ஒருவரோடு இருக்க விட்டபோது, தள்ளிப் போய் இருந்தார்கள், முகத்தைப் பார்க்கிறதைக்கூடக் குறைத்தார்கள். விடுதியில பழகின ஒதுங்கல் வெளியிலயும் கூட வந்திட்டுது.

அதாவது ஆட்களை ஒரு இடத்தில தள்ளிவிட்டால் பழகுவினம் என்ற மங்கரின் கணக்குப் பிழை. யாரை, எப்ப, எவ்வளவு நேரம் சந்திக்கிறது என்ற தீர்மானம் எங்கட கையில இருந்தால்தான் மற்ற ஆள் துணை. இல்லாட்டி அந்த ஆள் நெரிசல்.

1980இல் பாம் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு சின்ன வேலை செய்தார். ஒரு நீண்ட கொரிடோரின் நடுவிலிருந்த மூன்று படுக்கையறைகளைப் பொது அறையாக்கி, கதவு போட்டுக் கொரிடோரை இரண்டாகப் பிரித்தார்கள். அவ்வளவுதான். மாற்றாத கொரிடோரில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், இங்கே நெரிசல் என்ற உணர்வு குறைவு, பழக்கம் கூட. யாரையும் ஆலோசனைக்கு அனுப்பவில்லை, ஒரு ஆப்பும் இல்லை. ஆனால் கவனியுங்கோ, மூன்று அறை போனால் மூன்று அறை வாடகை போகும். இன்றைக்கு மாணவர் விடுதியை முதலீடாக வைத்திருக்கிற எந்தக் கம்பனி அந்த மூன்று அறையை விட்டுத்தரும்?

யன்னலுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 1984இல் ரொஜர் உல்ரிச் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்த 46 நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்டார். யன்னலால் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடக் கெதியாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே எடுத்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் நாற்பது வருஷமா ஆசுபத்திரி கட்டுகிறவர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

இனி எங்கட ஊருக்கு வருவம். ஸ்காபரோ.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில எங்களில கனபேர் படிச்சவை, அல்லது படிக்கிற ஒரு தம்பி தங்கச்சியைத் தெரியும். ஹைலண்ட் கிரீக் பள்ளத்தாக்கின் விளிம்பில நிற்கிற அந்தப் பெரிய கொங்கிறீற்றுக் கட்டிடம் ஜோன் ஆண்ட்ரூஸ் என்ற அவுஸ்திரேலியக் கட்டிடக்கலைஞருடையது, 1960களின் நடுப்பகுதி. பார்த்தால் சிறைச்சாலை மாதிரி இருக்கு என்று சொல்லாதவர் குறைவு. இப்படியான கட்டிடங்களை மாணவர் கலகத்தை அடக்கத்தான் கட்டினவை என்றும் ஒரு கதை எல்லாக் கம்பஸிலும் உலாவுது. 1968க்கு முதலே கட்டின கட்டிடத்துக்கு அந்தக் கதை எப்படிப் பொருந்தும்?

உண்மையில் அந்தக் கொங்கிறீற்று எங்கள் எதிரி இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆண்ட்ரூஸ் யோசித்தது பனிக்காலத்தை. பிள்ளைகள் கோட் போடாமல் உள்ளுக்குள்ளேயே நடக்க ஒரு தெரு, நடுவில் கூடி இருக்க ஒரு பெரிய மண்டபம். அதுக்குப் பெயரே சந்திக்கும் இடம் என்றுதான். வீட்டிலிருந்து பஸ்ஸில வந்து போற பிள்ளைகளுக்காகக் கட்டின கம்பஸ் அது. அதே கட்டிடத்தில் இன்னொரு யோசனையும் இருந்தது. பேராசிரியர்களைக் குறைத்து விரிவுரைகளைத் தொலைக்காட்சியில் காட்டலாம் என்று பெரிய ஸ்ரூடியோவே கட்டினார்கள். சில வருஷத்தில் அது தோற்றுப்போனது. சூம் வகுப்பில இரண்டு வருஷம் கமெராவை மூடிவைச்சிருந்த எங்களுக்கு அது ஏன் தோற்றது என்று ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பஸ்ஸில வந்து போற மாணவரைப் பற்றித்தான் இந்தத் துறையில் குறைவாகக் கதைக்கினம். ஆய்வெல்லாம் விடுதியைப் பற்றி. எங்கட பிள்ளைகளுக்கோ விடுதி பெரும்பாலும் வீடுதான். பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டாச்சு, அம்மம்மாவோட ஒரே அறை, மேசை என்றால் சாப்பாட்டு மேசை. அதிலயும் எட்டு மணிக்கு ரீவி. காலமை எட்டரைக்கு ஒரு வகுப்பு, அடுத்தது பின்னேரம் நாலு மணிக்கு, அதுக்குப் பிறகு ரிம் ஹோர்ரன்ஸில வேலை. இடையில இருக்கிற அந்த ஆறு மணித்தியாலம் எங்க இருக்கிறது? கோப்பி வாங்கினால் இருக்கலாம். லைபிரரியில சாய்ஞ்சு படுத்தால் எழுப்பி விடுவினம், நானே பார்த்திருக்கிறன், எந்தக் கம்பஸ் என்று சொல்லேல்ல. அம்மா கட்டித்தந்த சோற்றுப் பெட்டியைச் சூடாக்க ஒரு மைக்ரோவேவ், அதுக்கு இருபது பேர் வரிசை. கறி மணக்கும் என்ற கூச்சத்தில காரில இருந்து சாப்பிடுறவையும் இருக்கினம். வீட்டில போய்க் களைப்பா இருக்கு என்றால், "உனக்கென்ன குறை, நாங்கள் பட்டதை நீ பட்டனியே?"

இந்தப் பிள்ளைக்கு மனநலப் பிரச்சினை என்று கோப்பில எழுதலாம். நான் அதை மறுக்கேல்ல, மருந்தும் உளவளத்துணையும் தேவைப்படுகிறவர்களுக்கு அது கிடைக்கத்தான் வேணும். ஆனால் ஒரு நாளில தனக்கென்று ஒரு கதவும் இல்லாத ஆளிடம் மூச்சை ஆழமா இழு என்று சொல்லுறது நியாயமா?

2019 மார்ச்சில், ஒரு மாணவரின் மரணத்துக்குப் பிறகு, ரொறன்ரோப் பல்கலைக்கழக மாணவர்கள் நிர்வாகக் கட்டிடமான சிம்கோ ஹோலின் முன்னால கூடி நின்றார்கள். அது அந்த ஒரே கட்டிடத்தில நடந்த முதலாவது மரணம் இல்லை. அந்த வருஷம் செப்ரெம்பரில் இன்னொரு மரணம் நடந்த பிறகுதான் அந்தக் கட்டிடத்தில தடுப்புகள் போடப்பட்டன. தடுப்பு உயிர் காக்கும், அதைச் சும்மா கண்துடைப்பு என்று சொல்லுற தோழர்களோட எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் தடுப்புப் போட அவ்வளவு காலம் ஏன் எடுத்தது என்று கேட்கவேணும்.

மன்செஸ்ரரில் கேட்டார்கள். 2020 நவம்பர் 5, இங்கிலாந்தில் இரண்டாவது முடக்கம் தொடங்கின நாள். ஃபாலோஃபீல்டில் இருக்கிற மாணவர் விடுதிகளைச் சுற்றிப் பல்கலைக்கழகம் உலோக வேலி போட்டது. உள்ள இருந்தவை முதலாம் வருஷப் பிள்ளைகள், முழு வாடகை கட்டினவை. (முள்வேலி என்ற சொல்லுக்கு எங்கட வீடுகளில வேற எடை இருக்கு. நான் ஒப்பிடேல்ல, ஆனால் அந்தப் படங்களைப் பார்த்த உடனே அப்பா ரீவியை நிப்பாட்டினவர்.) அன்றிரவே மாணவர்கள் வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள். துணைவேந்தர் மன்னிப்புக் கேட்டார். அடுத்த கிழமை ஒரு குழு, பூட்டிக் கிடந்த ஓவென்ஸ் பார்க் கோபுரத்துக்குள் போய் இருந்துகொண்டது. வாடகை மறுப்பும் சேர்ந்தது. கடைசியில் முதல் தவணை வாடகையில் 30 வீதம் குறைக்கப்பட்டது.

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது, அவர்கள் மனநலத்தையும் வாடகையையும் வேலியையும் ஒரே கோரிக்கையாகக் கேட்டதுதான்.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? போன கூட்டத்தில மாநாடு என்று கதைச்சம். என்னுடைய யோசனை அதைவிடச் சின்னது. அடுத்த கூட்டத்துக்கு வரேக்க உங்கட கம்பஸ் வரைபடத்தைப் பிரின்ற் எடுத்துக்கொண்டு வாங்கோ. மூன்று நிறப் பேனை நான் கொண்டுவாறன். காசு குடுக்காம மூன்று மணித்தியாலம் இருக்கக்கூடிய இடமெல்லாம் பச்சை. இரவு பத்து மணிக்குப் பிறகும் பூட்டாத இடம் நீலம். செக்கியூரிட்டி வந்து கார்ட் கேட்ட இடம் சிவப்பு. மைக்ரோவேவ் எத்தனை என்றும் எண்ணிக்கொண்டு வாங்கோ. ஐந்து கம்பஸ் வந்தால் போதும், பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்து, எந்த நிர்வாகத்திடம் முதலில போறது என்று அன்றைக்கே முடிவெடுக்கலாம்.