ஏரித் தண்ணீரும் தீட்டும்
(கொடுங்கையூரில் செய்த பிரசங்கம்)



ஏரி, குளத்து ஜலம் எதனால் தீட்டாகிறது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன். இன்ன ஜாதியான் தொட்டால் தீட்டு என்கிறார்கள் வைதீகர்கள். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். ஜாதி எங்காவது தென்படுகிறதா? கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ ஜீவன்கள்தான் தென்படும். இவைகளுக்கு விஞ்ஞானிகள் பிளாங்டன், அதாவது மிதவை உயிர்கள் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். டயட்டம், பச்சைப்பாசி, நீலப்பச்சைப்பாசி முதலியவை தாவரம் போன்றவை. இவைகளைத் தின்கிற ரோட்டிபர், டாப்னியா, சைக்ளாப்ஸ் முதலியவை பிராணி வர்க்கம். இவைகளைத் தின்றுதான் மீன்குஞ்சு வளருகிறது.

நல்ல ஏரியில் பல வகையும் கலந்திருக்கும். சாக்கடையும் சாணமும் சேரச் சேர, பல வகைகள் அழிந்து, அழுக்கைத் தாங்கும் சில மாத்திரம் பெருகும். தண்ணீர்மேல் பச்சைச் சாயம் கொட்டியதுபோல் பாசி படரும். இரவில் பிராணவாயு குறைந்து மீன்கள் செத்து மிதக்கும். உண்மையான தீட்டு இதுதான், தோழர்களே!

1927-ல் பம்பாய் மாகாணத்து மகத் என்னும் ஊரில், தோழர் அம்பேத்கர் அவர்கள் தீண்டப்படாத மக்களோடு சென்று பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பின்பு வைதீகர்கள் என்ன செய்தார்கள்? தீட்டுக் கழிப்பதாகச் சொல்லி, மந்திரம் ஓதி, சாணத்தையும் மாட்டு மூத்திரத்தையும் பால் தயிரோடு குடம் குடமாக அக்குளத்தில் கொட்டினார்கள். மனிதன் குடித்தது அசுத்தமாம்! மூத்திரம் ஊற்றியது சுத்தமாம்!

வாந்திபேதியை எடுத்துக்கொள்ளுங்கள். மாரியாயியின் கோபம் என்று சொல்லி ஆடு வெட்டினோம். ஜெர்மன் டாக்டர் காக் என்பவரோ 1884-ல் கல்கத்தாவில் குளத்து ஜலத்திலேயே அக்கிருமியைக் கண்டார். அது சைக்ளாப்ஸ் போன்ற மிதவை உயிர்களின்மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறதென்பது பிற்காலத்து ஆராய்ச்சியில் தெரிந்தது. ஆகவே வங்காளதேசத்துக் கிராமங்களில், பழஞ்சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டும்படி சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென்று 2003-ல் வெளியிட்டார்கள். காய்ச்சிக் குடிப்பதே மேல். விறகுக்கு வழியில்லாத ஏழைக்கு இது உதவிற்று. எத்தனையோ திருவிழாக்கள் செய்யாததை ஒரு கந்தல் சேலை செய்துவிட்டது!

இந்தக் கொடுங்கையூருக்குச் சென்னை நகரத்தின் குப்பை வந்து மலையாயிற்று. நகரத்துச் சாக்கடை நீரில் ஒரு பகுதியும் இங்கே வந்து சுத்தமாக்கப்படுகிறது. அழுக்குப் பண்ணுகிறவன் மேல்ஜாதி, அதை வாரிச் சுத்தம் செய்கிறவன் கீழ்ஜாதி என்றால், இது எந்த ஊர் நியாயம்?

ஆகவே தோழர்களே, இனி எவனாவது தீட்டு என்று சொன்னால், பூதக்கண்ணாடியில் காட்டு என்று கேளுங்கள். ஏரியில் சாக்கடையை விடுகிறவர்களை, ஏன் விட்டாய் என்று கேளுங்கள்.