ஓடும்போது தசைக்குள் நடப்பது
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீரிழிவைப் பற்றிப் பேசுங்கோ" என்றுதான் சங்கச் செயலாளர் கேட்டார். தசையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்பது போகப்போகத் தெரியும்.

1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடல் மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலியில் செய்தி கேட்போம். டைனமோ தருவது வெறும் 3 வாற்று. மிதித்தவரின் முதுகோ நனைந்துவிடும். இப்படிப் பெடல் மிதிக்கையில், தசை செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் அசைவாக மாறும். மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் வியர்வை.

சோற்றிலும் பிட்டிலும் உள்ள சக்தியைத் தசையால் நேரே எடுக்க முடியாது. அது ஏ.ரி.பி. என்னும் மூலக்கூறாக மாறியாக வேண்டும். (உயர்தரத்தில் உயிரியல் படித்த சிலரின் முகம் மாறுவது இங்கிருந்து தெரிகிறது. பயப்படாதீர்கள், பரீட்சை இல்லை.) உடல் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் ஏ.ரி.பி. நூறு கிராம் அளவுதான். முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று செக்கன்களில் தீர்ந்துவிடும். ஆகவே அதை ஓயாமல் மீள உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் அப்படி உண்டாக்கிச் செலவழிப்பதைக் கூட்டினால் எங்கள் உடல் நிறை அளவுக்கு வரும்.

இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 100 மீற்றர் ஓடும் பிள்ளையின் தசையில் கிரியற்றீன் பொசுபேற்று என்ற ஒரு சேமிப்பு உண்டு. ஒட்சிசன் வந்து சேரும்வரை காத்திராமல், அது பத்துச் செக்கன் அளவுக்கு ஏ.ரி.பி.யை மீட்டுக் கொடுக்கும். சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடினார். அந்த ஓட்டத்தின் பிற்பாதிக்கு இந்தச் சேமிப்பு மட்டும் போதாது. தசையில் கிளைக்கோசனாக இருக்கும் சீனியை ஒட்சிசன் இல்லாமலே அவசரமாக உடைக்க வேண்டும். அவசரத்துக்கு விலை உண்டு. ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து இவ்வழியில் மிஞ்சுவது இரண்டே ஏ.ரி.பி. ஆறுதலாக, இழைமணிக்குள் ஒட்சிசனோடு எரித்தால் முப்பது அளவில் கிடைக்கும். அதனால்தான் 800 மீற்றரிலேயே பெரும்பங்கு ஒட்சிசன் வழிக்கு வந்துவிடுகிறது. கோயில் வீதியைச் சுற்றி நடப்பது முழுக்க முழுக்க அந்த வழிதான். அங்கே கொழுப்பும் சேர்ந்து எரியும்.

வலைப்பந்தாட்டம் இரண்டையும் கேட்கும். பாய்ந்து பந்தைப் பிடிக்கும் கணத்துக்கு முதற்சேமிப்பு. பந்து மறுமுனையில் நிற்கும்போது மூச்சு வாங்கி அதை நிரப்புகிறோம். அரை நிமிடத்தில் பாதியளவு நிரம்பிவிடும். நல்ல நடுக்கள வீராங்கனை என்பவள் வேகமாக ஓடுபவள் மட்டுமல்ல, வேகமாக நிரப்பிக்கொள்பவளும்தான்.

ஓட்டத்துக்கு முன் உள்ளங்கையில் கொட்டித் தரும் குளுக்கோசு மாவைப் பற்றியும் கேட்பீர்கள். நூறு மீற்றருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தேவையான சீனி ஏற்கெனவே தசைக்குள் இருக்கிறது, வாயில் போட்டது குடலைத் தாண்டுமுன் ஓட்டம் முடிந்துவிடும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீளும் போட்டிக்கு உதவும். ஆனாலும் அரைநேரத்துத் தோடம்பழத் துண்டை நிறுத்தச் சொல்லமாட்டேன். அதற்கு வேறு காரணங்கள் உண்டு.

இலற்றிக்கமிலம்தான் அடுத்த நாள் கால்நோவுக்குக் காரணம் என்று நாங்கள் எல்லோரும் படித்தோம். அது சரியல்ல. ஓடி முடித்து ஒரு மணித்தியாலமளவில் அது இரத்தத்திலிருந்து போய்விடும். மறுநாள் நோவது தசைநாரில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால். அது கழிவுமல்ல. இதயமே அதை எரிபொருளாக எடுக்கும். ஈரல் அதை மீண்டும் குளுக்கோசாக்கித் தசைக்கு அனுப்பும். இந்தச் சுற்றைக் கண்டுபிடித்தவர்கள் கேர்ட்டி கோரியும் அவர் கணவர் கார்ல் கோரியும். கேர்ட்டி பிராக் நகரில் 1896இல் பிறந்தவர். அமெரிக்காவில் கணவருக்குச் சமமாக ஆய்வு செய்தும் நீண்ட காலம் தாழ்ந்த பதவியிலும் குறைந்த சம்பளத்திலும் வைக்கப்பட்டார். முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1947இல்தான். அதே ஆண்டு, மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதற்பெண் ஆனார். பெண்கள் பாடசாலை மேடையில் அவர் பெயரைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

இனி நீரிழிவு. இரத்தம் முழுவதிலும் ஓடும் குளுக்கோசு ஒரு தேக்கரண்டி அளவு, ஏறக்குறைய 5 கிராம். ஈரலில் நூறு கிராமளவு சேமிப்பு. தசைகளிலோ நானூறு, ஐந்நூறு கிராம். ஆகவே உணவிலிருந்து வரும் சீனிக்கு மிகப் பெரிய களஞ்சியம் தசைதான். அந்தக் களஞ்சியத்தின் கதவை வழக்கமாக இன்சுலின் திறக்கிறது. நீரிழிவில் இன்சுலின் கூப்பிட்டாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் தயவில்லாமலே கதவு உள்ளிருந்து திறக்கிறது. நடந்து முடித்த பின்னும் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள், தசை இன்சுலினுக்கு முன்னரைவிட நன்றாகச் செவிசாய்க்கும். நாள் தவறாமல் நடக்கச் சொல்வதற்கும், சாப்பிட்ட பின் ஒரு பத்துப் பதினைந்து நிமிடமாவது நடக்கச் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

தெற்காசியர்களான எங்களுக்கு இந்நோய் ஐரோப்பியரைவிட இளவயதில் வருகிறது, மெலிந்தவர்களுக்கும் வருகிறது. என் கிளினிக்குக்கு வரும் பெண்களிடம் கடைசியாக எப்போது ஓடினீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பள்ளிக்கூடத்தில, டொக்டர்." ரொபி வாங்கியவர்களும் அதையே சொல்கிறார்கள். பதினாறு பதினேழு வயதில் ஒரு நாள் மைதானத்தை விட்டு இறங்கினால் பிறகு ஏறுவதேயில்லை. படிப்பு, கலியாணம், பிள்ளைகள். சைக்கிள் போய் ஸ்கூட்டி வந்தது. பெற்றோல் இல்லாத காலத்தை நான் புகழவில்லை, அதில் இழந்தவை அதிகம். ஆனால் அன்று எங்கள் கால்களுக்கு வேலை இருந்தது.

"வீட்டுவேலை போதாதோ?" என்பார்கள். கூட்டுவது, தண்ணி அள்ளுவது நல்லது. அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பது களைப்பைத் தரும், பெருந்தசைகளுக்கு வேலை தராது. தொடையும் பின்புறமும் வேலை செய்ய வேண்டும். கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருங்கள், தெரியும். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பனிக்குள் அடைபட்டிருக்கும் எங்கள் தோழிகளுக்கும் அது போதும், மாடிப்படியும் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி. இரண்டாவதை நாங்கள் அநேகமாக மறந்துவிடுகிறோம்.

மெலிவதற்காக மட்டும் நடப்பவர்கள் ஏமாறுவார்கள். இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியில் உள்ள சீனியை எரிக்கவே பத்து நிமிடமளவு நடக்க வேண்டும். நிறை குறையாவிட்டாலும் கதவு திறக்கும் வேலை நடக்கிறது, நடையை விடாதீர்கள்.

இன்சுலின் ஊசியோ, கிளிக்லசைட் போன்ற குளிசையோ எடுப்பவர்கள் வெறுவயிற்றில் நீண்ட நடை போகவேண்டாம். கையில் இரண்டு ரொபி வைத்திருங்கள், இம்முறை வெல்லும் ரொபி அல்ல, தின்னும் ரொபி. நடக்கையில் நெஞ்சு இறுகினால் நின்றுவிட்டு உடனே மருத்துவ உதவி நாடுங்கள். சப்பாத்துப் போடமுன் உள்ளே கல், முள் உண்டா என்று பாருங்கள், கழற்றிய பின் பாதத்தையும் பாருங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம். மேடைக்கு முன் கேட்கக் கூச்சமென்றால் தேநீர் இடைவேளையில் வாருங்கள். வலைப்பந்துத் திடலைச் சுற்றி நடந்துகொண்டே பேசலாம்.