கூரையைப் பிரித்த நால்வர்



கப்பர்நாகுமில் இயேசு இருந்த வீட்டுக்கு, முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் தூக்கிவந்த நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிறோம். அந்த வீட்டுக் கதவை யாரும் பூட்டவில்லை. வாசலை அடைத்து நின்றவர்களும் கெட்டவர்கள் அல்லர். இறைவார்த்தை கேட்க வந்தவர்கள்தாம். ஆனாலும் நோயாளியால் உள்ளே போக முடியவில்லை.

ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களை நினைக்கும்போது இந்த வாசல்தான் என் கண்முன் வருகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து சென்றவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். இன்றும் இவர்கள் மொழியில் தண்ணீருக்குப் பெயர் 'பானி'.

அந்த நாடுகளில் மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் குடும்ப மருத்துவரிடம் பெயர் பதிய அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு முகவரி வேண்டும். ஊருக்கு வெளியே, பத்திரமில்லாத நிலத்தில் நிற்கும் குடிசைக்கு முகவரி ஏது? நிரந்தர வேலை இல்லாத பலருக்கு மருத்துவக் காப்பீடும் இல்லை. ஆகவே நோய் முற்றிய பிறகுதான் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள்.

அச்சமும் உண்டு, காரணமுள்ள அச்சம். 2000-ஆம் ஆண்டில் ஸ்லோவாக்கியாவில், பிரசவ வலியில் கிடந்த ஒரு ரோமா பெண்ணிடம் கையெழுத்து வாங்கி, கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துவிட்டார்கள். அது அவரது உரிமையை மீறிய செயல் என 2011-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படிப் பாதிக்கப்பட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. தாய்க்கு நடந்ததைக் கேட்டு வளர்ந்த மகள், மருத்துவமனைப் படியேற எப்படித் துணிவாள்?

இங்கேதான் அந்த நால்வர் தேவைப்படுகிறார்கள். ருமேனியாவில் 'ரோமானி கிரிஸ்' என்ற அமைப்பு, 1990-களில் ரோமா பெண்களுக்கே பயிற்சி தந்து, மருத்துவருக்கும் மக்களுக்கும் இடையே நின்று உதவச் செய்தது. 2002-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் இப்பணியை ஏற்றுக்கொண்டது. இப்பெண்கள் வீடுவீடாகச் செல்கிறார்கள். எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லை, யார் கருவுற்றிருக்கிறார் என்று விசாரிக்கிறார்கள். பதிவுத் தாள்களை நிரப்ப உதவுகிறார்கள். மருத்துவர் சொன்னதைப் புரியும்படி விளக்குகிறார்கள். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, கூடவே நடப்பதுதான்.

திருத்தந்தை புனித ஆறாம் பவுல் 1965-இல் பொமேசியாவில் இம்மக்களைச் சந்தித்து, அவர்கள் இருப்பது திருஅவையின் விளிம்பில் அல்ல, அதன் இதயத்தில் என்று உணர்த்தினார். 2019-இல் ருமேனியாவின் பிளாஜ் நகரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களிடம் மன்னிப்பே கேட்டார். வாசலை அடைத்து நின்ற கூட்டத்தில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதை அவர் மறைக்கவில்லை.

அன்று இயேசு, தூக்கிவந்தவர்களின் நம்பிக்கையைக் கண்டார். கூரை போயிற்றே என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதாக மாற்கு எழுதவில்லை.