குடி தாயினது, கதிரை யாருடையது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் எங்கள் தொழிலில் நாங்கள் கண்ட ஒன்று உண்டு. நம் வாவிக்கரைப் பெண்களின் நோய் பல வேளைகளில் ஒரு காணி உறுதியில் போய் முட்டுகிறது. ஆகவே இன்று காணியையும் அதிகாரத்தையும் பற்றிப் பேசுவோம்.

மாணவிகளாக இருந்த காலத்திலேயே நாம் கேட்டுப் பழகிய விவாதம் இது. மட்டக்களப்பு தாய்வழிச் சமூகம், இங்கே பெண்ணுக்குத்தான் உரிமை என்பார்கள் சிலர். அது வெறும் சீதனம், அதில் பெண்ணுக்கு என்ன அதிகாரம் என்பார்கள் வேறு சிலர். இரண்டு பக்கத்திலும் உண்மை இருக்கிறது.

நமது ஊர்களில் பிள்ளைக்குக் குடி தாயிடமிருந்து வருகிறது. கலியாணம் பேசும்போது உலகிப்போடி குடியா, கலிங்க குடியா, படையாண்ட குடியா என்று கேட்பது தாயின் குடியைத்தான். ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. மணமான பின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருகிறார். காத்தான்குடியிலும் கல்முனையிலும் நம் முஸ்லிம் சகோதரிகளின் வீடுகளிலும் வழக்கம் இதுவே. எத்தனையோ கசப்புகளுக்குப் பிறகும் இரு சமூகங்களும் கைவிடாத பொது முதுசம் இது.

முன்பு இதற்குச் சட்டமும் இருந்தது. முக்குவர் சட்டத்தின்படி ஒருவருடைய முதுசக் காணி அவர் பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். கிறிஸ்தோப்பர் பிரிட்டோ என்பவர் அச்சட்டத்தை 1876ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மரணசாதனம் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்பது பொது விதியாயிற்று. சட்டம் மாறினாலும் நம்மவர்கள் வழக்கத்தை விடவில்லை. மகளுக்கு வீடும் வளவும் எழுதிக் கொடுப்பதன் மூலம் அதைக் காப்பாற்றினார்கள்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். கொக்கட்டிச்சோலை போன்ற தேசத்துக் கோயில்களில் வண்ணக்கர் பதவி குடிமுறைப்படி வருவது. பள்ளிவாசல்களில் மரைக்கார் பதவியும் அவ்வாறே குடிவழி வந்தது. குடி தாயினது. ஆனால் அந்தக் குடியின் பெயரால் கதிரையில் அமர்ந்தவர் ஆண். முதுசக் காணியிலும் வழி பெண்ணினுடையதாக இருக்க, அதை ஆண்டவர் பெரும்பாலும் தாய்மாமனாகவே இருந்தார். பெண்வழி என்பதும் பெண்ணின் அதிகாரம் என்பதும் ஒன்றல்ல.

வழக்கத்தின் சுமையையும் மறைக்கக் கூடாது. வீடு கட்டி முடியாததால் கலியாணம் தள்ளிப்போன பெண்களை நாம் அறிவோம். மகளுக்கு ஒரு வீடு கட்டவென்று மத்திய கிழக்கில் பல வருடங்கள் உழைத்து, முதுகு நோவோடு திரும்பி வந்து எங்கள் முன் அமரும் தாய்மாரையும் அறிவோம்.

அப்படியானால் இந்த வழக்கத்தை விட்டுவிடலாமா? விடக் கூடாது என்பதே எங்கள் எண்ணம். கேரளத்தில் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் ஆகியோர் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. காணியோ வீடோ சொந்தமாக இல்லாத பெண்களில் 49 வீதத்தினர் கணவனின் அடி உதைக்கு ஆளாகியிருந்தனர். இரண்டும் சொந்தமாக இருந்தவர்களில் அது 7 வீதம். இதை வாசித்தபோது நாங்கள் வியப்படையவில்லை. காயத்தோடு வரும் பெண்ணிடம், "இனி எங்க போவீங்க?" என்று கேட்கிறோம். "வீடு என்ட பேரில இருக்கு டொக்டர்" என்பவர் நிமிர்ந்து பதில் சொல்கிறார். அப்படிச் சொல்ல முடியாதவர், விழுந்துவிட்டேன் என்று சொல்லி மருந்தை வாங்கிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்புகிறார்.

அந்தப் பெயர்தான் சத்தமில்லாமல் கைநழுவுகிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன வீடுகளில் எத்தனையோ, தாய்மார் மகள்மாருக்குக் கொடுத்தவை. புது வீடு வந்தபோது படிவம் 'குடும்பத் தலைவர்' யாரென்று கேட்டது. பல இடங்களில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. இருவர் பெயரிலும் எழுதுங்கள் என்று பெண்கள் அமைப்புகள் அப்போதே குரல் கொடுத்தன. அரச காணிகளிலும் இதே கதை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத இடத்து மகளுக்கு முன் மகனுக்கே உரிமை என்றிருந்தது. அது திருத்தப்பட்டது 2022இல்தான்.

கதிரையின் கதையும் இப்படித்தான். 1931இல் இலங்கைப் பெண்கள் ஆண்களோடு சமமாக வாக்குரிமை பெற்றார்கள். நம் மாவட்டத்தின் தொல்லியலையும் வரலாற்றையும் ஆராய்ந்த தங்கேஸ்வரி கதிராமன் அவர்களை நாம் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது 2004இல். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டம் 2016இல் வந்து, 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கு என்ன தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு முன் பரம்பரையாக அமர்ந்தவர்களிடம் அந்தக் கேள்வியை நாம் கேட்டோமா?

வரலாற்றில் பெருமைப்படுவதற்கு நமக்கு நிறைய உண்டு. ஆனால் பெருமையை நொத்தாரிசு ஏற்றுக்கொள்ள மாட்டார். ஆகவே மூன்று வேலைகளை இந்தச் சபை முன் வைக்கிறோம்.

வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்து உறுதியை எடுத்துப் பாருங்கள். யாருடைய பெயர், காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அனுமதிப்பத்திரக் காணியானால் பின்னுரித்தாளர் யாரென்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, நம் சங்கத்தில் சட்டத்தரணிகளும் நொத்தாரிசுகளும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு நாட்கள், இந்த மண்டபத்தில், ஊர்ப் பெண்களின் பத்திரங்களைக் கட்டணமின்றிப் பார்த்துக் கொடுப்போம். எந்தச் சமூகத்துப் பெண் என்று கேட்க வேண்டாம்.

மூன்றாவது, நம்மில் ஒருத்தி பிரதேச சபைக்கோ கோயில் நிருவாகத்துக்கோ போக முன்வந்தால், "உனக்கு ஏன் மகள் இந்த வேலை?" என்று முதலில் கேட்பவர்கள் நாமாக இருக்கக் கூடாது.

நம் தாய்மார் நமக்குக் குடியைத் தந்தார்கள், இருக்க வீட்டைத் தந்தார்கள், இந்தப் பாடசாலைக்கு அனுப்பி எழுத்தையும் தந்தார்கள். அந்த எழுத்தால் நம் மகள்மாரின் பெயரை உரிய இடத்தில் எழுதிவைப்போம்.